தலைமை, நற்பெயர், அறிவியல், சமூகம்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நான்கு பொருள்களில் என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஒரு புத்தகத்தைச் சொன்னால், கூடுமானவரை அதோடு மல்லுக்கு நிற்கும் இன்னொன்றையும் சொல்வது எங்கள் வழக்கம். காரணம் போகப்போகத் தெரியும்.

எல்லாம் அப்புறம். முதல்ல ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க.

ஜான் கேரிரூ எழுதிய 'பேட் பிளட்' (2018). விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்று சொல்லி 2003ல் தொடங்கப்பட்ட தெரனோஸ் நிறுவனத்தின் கதை. அதன் மதிப்பு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. கருவியோ சொன்னபடி வேலை செய்யவே இல்லை.

நான்கு பொருளும் இதில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் இதை முதலில் வைக்கிறோம். இயக்குநர் குழுவில் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர் போன்ற முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் இருந்தார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தே மற்றவர்கள் நம்பினார்கள். உள்ளே நடப்பது சரியில்லை என்று ஷுல்ட்ஸிடம் சொன்னவர் அங்கே வேலை பார்த்த அவருடைய சொந்தப் பேரன். தாத்தா பேரனை நம்பவில்லை. படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022 ஜனவரியில். முதல் பதிப்பில் அது இருக்காது.

நாலும் வேற வேற துறையாச்சே? ஏன் ஒரே பட்டியல்ல சேர்க்கிறீங்க?

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்குத் தன் முன்னால் வைக்கப்படும் அறிவியலை நேரடியாகச் சோதித்துப் பார்க்க நேரமும் இருக்காது, பயிற்சியும் இருக்காது. யார் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கை தப்பினால் அடி வாங்குவது அவர் இல்லை, மற்றவர்கள். தனித்தனியாகப் படித்தால் இந்த இணைப்பு தெரியாமலே போய்விடும்.

தலைமைப் பண்புன்னு எக்கச்சக்கமா புத்தகம் இருக்கு. எதை எடுக்கிறது, எதை விடறது?

பின்னட்டையில் 'ஏழு ரகசியங்கள்', 'பத்து விதிகள்' என்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இந்த வகையில் மிக உழைத்து எழுதப்பட்ட ஒன்றே என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' (2001) 1,435 நிறுவனங்களில் தொடங்கி வடிகட்டி, 15 ஆண்டுகள் பங்குச்சந்தை சராசரியைப்போல் மூன்று மடங்காவது ஈட்டித் தந்த 11 நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்தது. அந்தப் பதினொன்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008ல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மே அதே ஆண்டு அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது.

இதற்கு எதிர்ப்பக்கம் படிக்க வேண்டியது ஃபில் ரோசன்ஸ்வைக்கின் 'தி ஹேலோ எஃபெக்ட்' (2007). லாபம் வரும்போது தலைவரைத் 'துணிச்சல்காரர்' என்பார்கள், நஷ்டம் வந்தால் அதே ஆளை 'பிடிவாதக்காரர்' என்பார்கள். பேட்டிகளும் பத்திரிகைக் கட்டுரைகளும் முடிவு தெரிந்த பிறகு இப்படிப் பூசப்பட்ட வண்ணத்தோடுதான் வருகின்றன, அவற்றையே தரவாக எடுத்துக்கொண்டால் வண்ணம்தான் கிடைக்கும் என்பது அவர் வாதம். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், காலின்ஸ் முதலில்.

அறிவுரைப் புத்தகங்களில் தயங்காமல் சொல்லக்கூடியது பீட்டர் டிரக்கரின் 'தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்' (1967). அதிலும் இரண்டாம் அத்தியாயம். 'உங்கள் நேரம் எங்கே போகிறது என்று ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள், நடக்க நடக்கக் குறித்து வையுங்கள்' என்கிறார். மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு மீதியைப் படித்தால் புத்தகம் வேறு மாதிரி இருக்கும்.

அப்போ ஜெயிச்சவங்களைப் பார்த்துக் கத்துக்கவே கூடாதா?

கற்கலாம், பக்கத்திலேயே தோற்றவர்களின் பட்டியலும் இருந்தால். இரண்டாம் உலகப்போரில் திரும்பி வந்த குண்டுவீச்சு விமானங்களில் எங்கெங்கே துளை விழுந்திருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். புள்ளியியலாளர் ஏப்ரகாம் வால்டு, துளை விழாத இடங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்று காட்டினார். அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. எந்த வெற்றிக் கதையைப் படித்தாலும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி வையுங்கள்: இதையே செய்து காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? நூலாசிரியர் அதற்குப் பதில் தேடியிருக்கிறாரா என்பதை வைத்தே பாதி எடை போட்டுவிடலாம்.

வாழ்க்கை வரலாறு படிச்சா போதுமா?

அறிவுரை நூல்களைவிட மேல். தன்வரலாற்றைவிட, ஆவணங்களைத் துருவிப் பிறர் எழுதியது இன்னும் மேல். டோரிஸ் கெர்ன்ஸ் குட்வினின் 'டீம் ஆஃப் ரைவல்ஸ்' (2005) நல்ல எடுத்துக்காட்டு: 1860ல் கட்சி வேட்பாளர் ஆவதற்குத் தன்னோடு போட்டியிட்ட சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் லிங்கன் தன் அமைச்சரவையிலேயே உட்கார வைத்ததைச் சொல்கிறது. தடித்த புத்தகம். போர்க்கள விவரங்களில் வேகமாகப் போகலாம், அமைச்சரவைக் கூட்டங்களில் நிதானமாக.

எந்த வரலாற்றையும் வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை. அந்த மனிதரின் மிக மோசமான தவறு என்று உலகம் அறிந்த ஒன்றைப் பின்னாலுள்ள பொருளடைவில் தேடுங்கள். இல்லையென்றாலோ ஒரே பக்கத்தில் கடந்துபோனாலோ கீழே வைத்துவிடுங்கள்.

மாக்கியவெல்லி, அர்த்தசாஸ்திரம், திருக்குறள் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா?

முழுதாக ஒத்து வராது, ஒத்து வரும் இடங்கள் ஆழமானவை. மாக்கியவெல்லியின் 'இளவரசன்' 1513ல் எழுதப்பட்டு, அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1532ல் அச்சானது. எல்லோரும் 17ஆம் அத்தியாயத்துக்கு ஓடுவார்கள் (அன்பா, அச்சமா?). வேலைக்கு ஆகிறவை 22ம் 23ம்: உதவியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது, முகத்துதியிலிருந்து எப்படித் தப்பிப்பது. அவரே ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலை வைத்துக் குடியரசுகளைப் பற்றி எழுதிய உரைகளைத் தொடாமல் இதை மட்டும் படித்தால் பாதி மாக்கியவெல்லிதான் கிடைப்பார்.

குறளில் பொருட்பாலின் 70 அதிகாரங்களையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். 45 (பெரியாரைத் துணைக்கோடல்), 51 (தெரிந்து தெளிதல்), 52 (தெரிந்து வினையாடல்) மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' பகைவர் யாரும் இல்லாமலே கெடுவான் என்ற 448ஆம் குறளையும் மாக்கியவெல்லியின் 23ஆம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் துலங்கும். மாக்கியவெல்லி, இடித்துரைக்கும் உரிமையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், கேட்டால் மட்டும் என்று பூட்டி வைக்கிறார். குறள் அந்தப் பூட்டைப் போடவில்லை. பரிமேலழகர் உரையோடு புதிய உரை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அர்த்தசாஸ்திரத்தின் 15 பகுதிகளில் முதல் பகுதி மட்டும் இப்போதைக்குப் போதும்.

சேலஞ்சர் விண்கலம் பத்தி எல்லாப் பட்டியல்லயும் வருதே. அதுல அப்படி என்ன?

ஒரு முடிவு எப்படிப் பிசகியது என்பதை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிற அபூர்வ நிகழ்வு அது. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் ஏவுதளத்தில் கடுங்குளிர் என்று வானிலை சொல்கிறது. உந்துகலத்தைச் செய்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொல்கிறார்கள். நாசா அதிகாரிகள் ஆட்சேபிக்கிறார்கள். தையகால்காரர்கள் இணைப்பைத் துண்டித்துத் தமக்குள் பேசுகிறார்கள். அங்கே மேலாளர் ஒருவர் பொறியியல் துணைத்தலைவரிடம், 'பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்' என்கிறார். நிறுவனம் பேச்சை மாற்றி 'ஏவலாம்' என்கிறது. மறுநாள் காலை 36 டிகிரி. ஏவிய 73ஆம் நொடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதைப் பற்றி இரண்டு புத்தகங்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் விசாரணைக் குழுவில் இருந்தார். கிளாம்பில் இறுக்கிய ரப்பர் துண்டைக் குளிர்நீரில் போட்டு, எடுத்து, அது உடனே பழைய வடிவுக்கு வராததைக் கேமராக்கள் முன் காட்டியவர் அவர்தான். அவர் பதிவு 'வாட் டூ யூ கேர் வாட் அதர் பீப்பிள் திங்க்?' (1988) நூலின் இரண்டாம் பாதி. விபத்து நேரும் வாய்ப்பு நூறில் ஒன்று என்று பொறியாளர்கள் மதிப்பிட, நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது என்பதை அவர் பிட்டு வைக்கிறார். லட்சத்தில் ஒன்று என்றால், தினமும் ஒரு விண்கலம் வீதம் சுமார் 300 ஆண்டு ஏவினால் ஒன்றைத்தான் இழப்போம் என்று பொருள்.

இரண்டாவது, சமூகவியலாளர் டயான் வாகனின் 'தி சேலஞ்சர் லாஞ்ச் டிசிஷன்' (1996). யாரும் விதியை மீறவில்லை என்கிறார் அவர். வளையத்தில் முதல் தடவை அரிப்பு தெரிந்தபோது அதிர்ந்தவர்கள், ஒவ்வொரு பயணமும் பத்திரமாகத் திரும்பத் திரும்ப அதை 'ஏற்கத்தக்க அளவு' என்று முறைப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போனார்கள். கனமான நூல். முதல் அத்தியாயத்தையும், ஏவுதலுக்கு முந்தைய இரவை விவரிக்கும் அத்தியாயத்தையும் முதலில் படித்துவிட்டு நடுவே வாருங்கள்.

வால்டைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் வருகிறது. அந்த இரவு அவர்கள் விவாதித்தது சேதம் கண்ட பயணங்களை மட்டும். சேதமில்லாத பயணங்களின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்திருந்தால் படம் தெளிந்திருக்கும்: 65 டிகிரிக்குக் கீழே ஏவிய நான்கிலும் சேதம், அதற்கு மேலே ஏவிய இருபதில் மூன்றில்தான்.

நற்பெயர்னா பி.ஆர். வேலைதானே? அதுக்கு என்ன புத்தகம் இருக்கு?

பி.ஆர். (மக்கள் தொடர்பு) புத்தகங்களைக் கடைசியில் வையுங்கள். முதலில் ராபர்ட் ஆக்ஸெல்ராடின் 'தி எவல்யூஷன் ஆஃப் கோஆப்பரேஷன்' (1984). ஒத்துழைப்பதா, கைவிடுவதா என்று மாறிமாறி முடிவெடுக்கும் கணினி நிரல்களை வைத்து அவர் போட்டி நடத்தினார். முதல் சுற்றில் 14 நிரல்கள், இரண்டாவதில் 62. இரண்டிலும் வென்றது மிக எளிய நிரல்: முதல் ஆட்டத்தில் ஒத்துழை, பிறகு எதிராளி போன தடவை செய்ததையே திருப்பிச் செய். அது எந்தத் தனி ஆட்டத்திலும் எதிராளியைவிட அதிகப் புள்ளி எடுத்ததில்லை, ஆனாலும் மொத்தத்தில் வென்றது. ஒரு பலவீனம் உண்டு. எதிராளியின் ஒரு செயலைத் தவறாகப் புரிந்துகொண்டால் பழிக்குப் பழி என்று நிற்காமல் ஓடும்.

அடுத்து ஒனோரா ஓநீலின் 'எ கொஸ்சன் ஆஃப் டிரஸ்ட்'. 2002ல் பிபிசி வானொலியில் ஆற்றிய ஐந்து உரைகள், ஒரே நாளில் முடித்துவிடலாம். மக்களிடம் நம்பிக்கையைக் கூட்டுவது எப்படி என்று கேட்பதே தவறு, நம்பத் தகுந்தவரையும் தகாதவரையும் பிரித்தறிவது எப்படி என்று கேளுங்கள் என்பது அவர் வாதம்.

பி.ஆர். நூல்களில் டைலனால் என்ற வலிநிவாரண மாத்திரையின் கதை தவறாமல் வரும். 1982ல் சிகாகோ பகுதியில் யாரோ மாத்திரைப் புட்டிகளில் சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். தயாரித்த நிறுவனம் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது, பிரித்தால் தெரியும்படியான உறையோடு மறுபடி வந்தது. பெயரைக் காப்பாற்றியது அந்தச் செயல்தான். நெருக்கடி நேரத்து அறிக்கைகளின் வாசக அழகுக்குச் சான்றாக இதைக் காட்டும் நூலை நம்ப வேண்டாம்.

விஞ்ஞானிங்களுக்குள்ள பேர், புகழ் எல்லாம் வேலை செய்யுமா? அவங்க ஆதாரத்தைத்தானே பார்ப்பாங்க?

நன்றாகவே வேலை செய்யும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968ல் எழுதிய 'மத்தேயு விளைவு' கட்டுரையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான். பேர்பெற்றவரும் புதியவரும் ஒன்றாகக் கண்டுபிடித்தால் பாராட்டு பேர்பெற்றவருக்கே போய்ச் சேரும் என்கிறது. இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கட்டுரை பெரிதும் ஹாரியட் சக்கர்மன் எடுத்த நேர்காணல்களை நம்பி எழுதப்பட்டது. அவர் பெயரையும் ஆசிரியராகப் போட்டிருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பின்னால் ஒப்புக்கொண்டார்.

தாமஸ் குன் புத்தகத்தைப் பாதியில விட்டுட்டேன். எனக்குத்தான் புரியலையா?

'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் சயின்டிஃபிக் ரெவல்யூஷன்ஸ்' (1962) பலரும் பாதியில் விடுகிற புத்தகம்தான். 'பாரடைம்' (ஒரு துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட சிந்தனைச் சட்டகம்) என்ற ஒரே சொல்லை அதில் 21 பொருளில் ஆண்டிருக்கிறார் என்று மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணியே காட்டினார். வரிசையை மாற்றிப் படியுங்கள்: முதலில் ஆக்சிஜனும் எக்ஸ்ரேயும் வரும் 6ஆம் அத்தியாயம், பிறகு 2 முதல் 4 வரை, பிறகு 9, 10. அதற்குமேல் 1970 பதிப்பில் சேர்த்த பின்னுரை. அதில் அந்தச் சொல்லின் முக்கியமான இரண்டு பொருள்களை அவரே பிரித்து வைக்கிறார். 1970க்குப் பிந்தைய பதிப்பையே வாங்குங்கள்.

எதிர்ப்பக்கம் கார்ல் பாப்பர். எந்தச் சோதனை வந்தால் தன் கொள்கையைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதது அறிவியல் இல்லை என்பவர். குன் காட்டும் விஞ்ஞானிகள் அப்படி எளிதில் கைவிடுவதில்லை.

எனக்குக் கணக்கு வராது. புள்ளிவிவரம் பத்தி ஏதாவது படிக்க முடியுமா?

டேரல் ஹஃப்பின் 'ஹவ் டு லை வித் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' (1954). கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். வரைபடத்தின் அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்காமல் வெட்டிவிட்டுச் சின்ன ஏற்றத்தை மலையாகக் காட்டும் வித்தையை ஒருதடவை பார்த்துவிட்டால் கண் மறக்காது.

இதே ஹஃப், பின்னாளில் புகையிலைத் தொழிலின் தரப்பில் சாட்சி சொன்னார். புகைக்கும் நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளை ஐயப்படுத்தி நூல் எழுதவும் அத்தொழிலிடம் பணம் வாங்கினார். அந்த நூல் வெளிவரவில்லை. அதனால் ஹஃப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது நவோமி ஒரெஸ்கஸ், எரிக் கான்வே இருவரும் எழுதிய 'மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் டவுட்' (2010). சந்தேகத்தையே சரக்காக விற்ற உத்தி புகையிலையிலிருந்து ஓசோன், புவி வெப்பம் என்று எப்படி நகர்ந்தது என்பதை ஆவணங்களோடு காட்டுகிறது. ஹஃப் சொல்லித்தந்த கணக்கு அப்படியே சரிதான், எழுதியவர் பின்னால் எங்கே போனாலும். சரிபார்க்க முடிகிற விஷயத்தில் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. முடியாத இடத்தில்தான் ஆள் முக்கியம்.

கானமன் புத்தகத்துல இருக்கிற ஆய்வெல்லாம் பொய்யாப் போச்சுங்கிறாங்களே, படிக்கலாமா வேண்டாமா?

படிக்கலாம், பென்சிலோடு. உளவியலாளர் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' (2011) நூலின் நான்காம் அத்தியாயம், சில சொற்களைக் கண்ணில் காட்டினாலே நடத்தை மாறும் என்ற ஆய்வுகளைச் சொல்லி, இவற்றை நம்பாமல் இருக்க வழியே இல்லை என்கிறது. 2015ல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருந்தன. மறுசெய்கையில் 36 சதவீதம்தான் காட்டின. மிகச் சிறிய மாதிரிகளைக் கொண்ட ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017ல் கானமனே வெளிப்படையாகச் சொன்னார். அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இழப்பு, வாய்ப்பு ஆகியவற்றை மனம் எடைபோடுவது பற்றிய பகுதிகள் அதைவிட உறுதியானவை.

மில்கிராமின் 'ஒபீடியன்ஸ் டு அத்தாரிட்டி' (1974) நூலுக்கும் இதே பென்சில். ஆய்வாளர் சொல்கிறார் என்பதற்காக இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது கடைசிவரை போனவர்கள் 40ல் நால்வர்தான். தலைமையைப் பற்றிப் படிப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் பயன்படும்.

சமூகம்னா கடல் மாதிரி. எங்க கால் வைக்கிறது?

ஒரு சண்டையில் கால் வையுங்கள். பொது மேய்ச்சல் நிலத்தை ஆளாளுக்கு மேய்த்து அழித்தே தீருவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968ல் எழுதினார். அப்படி அழிக்காமல் மக்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்களும் உண்டு என்று, எலினார் ஆஸ்ட்ரம் நேரில் நடப்பதைத் திரட்டி 'கவர்னிங் த காமன்ஸ்' (1990) எழுதினார். பொருளாதார நோபல் 2009ல் வந்தது. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517லேயே ஒரு விதி இருந்ததாம்: குளிர்காலத்தில் உன் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் மலை மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எண்ணுவதும் எளிது, ஏமாற்றுவதும் கடினம். முதல் அத்தியாயத்துக் கட்டங்கள் சலிப்பூட்டினால் நேராக மூன்றாவதுக்குப் போங்கள்.

பிறகு ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்' (1962). பூச்சிக்கொல்லியே கூடாது என்கிறார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி அவர் சொல்லவில்லை என்பது இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

மொழிபெயர்ப்புல படிக்கலாமா? நல்ல மொழிபெயர்ப்பான்னு எப்படித் தெரியும்?

படிக்கலாம். நான்கு இடம் பாருங்கள். எந்த மூலப்பதிப்பிலிருந்து என்று உள்ளே போட்டிருக்கிறதா? அடிக்குறிப்புகளும் பொருளடைவும் தப்பியிருக்கின்றனவா? ஒரே கலைச்சொல்லை மூன்று வெவ்வேறு பக்கங்களில் தேடினால் ஒரே தமிழ்ச்சொல்தான் வருகிறதா? அத்தியாய எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா? இந்த நான்காவதில்தான் அதிகம் பிசகும்: சுருக்கிவிட்டுச் சுருக்கியதாகச் சொல்ல மாட்டார்கள்.

எத்தனை நாள் பிடிக்கும்? படிச்சது ஒரு மாசத்துல மறந்துடுதே?

நாளைக்கு 20 பக்கம் என்றால் 300 பக்க நூலுக்கு 15 நாள், ஒரு ஜோடிக்கு ஒரு மாதம். தெரனோஸ் தனியாக, அப்புறம் காலின்ஸ்–ரோசன்ஸ்வைக், ஃபெய்ன்மன்–வாகன், ஹஃப்–ஒரெஸ்கஸ், ஹார்டின்–ஆஸ்ட்ரம் என்று போனால் ஐந்து மாதத்துக்குள் முடியும். வாகன் நூல் கெடுவைத் தாண்டும், பரவாயில்லை.

அடிக்கோடு போடுவதால் நினைவில் நிற்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஒரே தாளில் மூன்று பத்தி எழுதுங்கள்: என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எது தெரியவந்தால் இது விழும். மூன்றாவது எழுத வராவிட்டால் எதிர்ப்புத்தகத்தைப் படித்தபின் வரும். சுருக்கங்களும் காணொளிகளும் முதல் பத்தியை மட்டும் தருபவை. எந்தப் புத்தகம் என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவே.

ஆபீஸ்ல குழுவா சேர்ந்து படிக்கிறோம். மேலாளர் பேசினதும் எல்லாரும் தலையாட்டிடறாங்க. என்ன செய்யலாம்?

மேலாளர் கடைசியில் பேசட்டும். ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் நூலுக்கு எதிராக வாதாடும் பொறுப்பை ஏற்கட்டும், சுழற்சி முறையில். மில்கிராமின் நால்வர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: மறுக்க ஒருவருக்கு இருவராகப் போட்டால் இன்னும் நல்லது.

ஃபெய்ன்மன், வாகன் ரெண்டையும் படிச்சாச்சு. ரெண்டு பேருமே சரின்னுதான் படுது. யார் பக்கம் நிக்கிறது?

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபெய்ன்மனைப் படித்தால் தோன்றுவதுபோல் குற்றம் அந்த மேலாளர்களுடையது என்றால் அவர்களை மாற்றினால் தீர வேண்டும். வாகன் சொல்வதுபோல் குற்றம் பழக்கத்திலும் அமைப்பிலும் இருந்தால், ஆட்கள் மாறினாலும் அது திரும்பி வர வேண்டும். சேலஞ்சருக்குப் பின் நாசாவில் பலரும் மாற்றப்பட்டார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். இந்த முறை காரணம் வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்து இறக்கையில் மோதிய நுரைக்காப்புத் துண்டு. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்திருந்தது, பத்திரமாகத் திரும்பியதால் பழகியிருந்தது. விசாரணை அறிக்கையின் எட்டாம் அத்தியாயம் இரண்டு விபத்துகளையும் அருகருகே வைத்து இதைத்தான் சொல்கிறது. அந்த ஓர் அத்தியாயத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாகனுக்கு அடுத்ததாக.